நன்னியின் இன்பமும் நம் கடமையும்



அல்லாஹு தஆலா நம் இல்லங்களுக்கு அருளியிருக்கும் நிஃமத்துகளை எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது. ஆயினும் அவற்றுள் ஒன்றை நாம் நிஃமத் என்றே நினைப்பதில்லை. அது வீட்டு மூலையில் பாய் விரித்து, கையில் தஸ்பீஹ் மணியோடு அமர்ந்திருக்கும் மூதாட்டி. சிலர் நன்னி என்போம். சில ஊர்களில் உம்மம்மா, வாப்பும்மா என்பார்கள். பெயர் எதுவானாலும் அந்த மடி ஒன்றுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து ஒரு திருவண்ணாமலை உண்டு. வடக்கே உள்ள பெரிய ஊரல்ல இது; மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்று வீசும் சிற்றூர். அந்தப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் நமக்குத் தெரிந்த ஒரு நன்னி வசித்து வந்தார். கணவர் மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரே மகளை ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் மில்லில் ஷிப்டு வேலை பார்ப்பவர்.

அந்த வீட்டில் நாம் கண்ட காட்சிகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சுபுஹு பாங்குக்கு முன்பே நன்னி எழுந்து ஒளு செய்து விடுவார். தொழுது முடித்து அவர் முஸல்லாவை மடிக்கும் முன்பே பேத்தி அதில் வந்து உருளுவாள். அடுப்பில் இடியாப்பம் வேகும். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ப் பாலுக்குச் சண்டை போடுவான். "பிஸ்மில்லாஹ் சொன்னாயா ராசா?" என்று கேட்காமல் ஒரு கவளமும் அவன் வாய்க்குள் போகாது. மாங்காய்க் காலத்தில் விழுந்த காய்களைப் பேரன் பொறுக்கி வர, முதற் பங்கு பக்கத்து வீட்டுக்கு என்று எடுத்து வைப்பார். புரட்டாசி சனிக்கிழமைகளில் மலைக்கோயிலுக்கு நடந்து செல்வோருக்காகத் திண்ணையில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். அதை நிரப்புவது பேரனின் வேலை. "தாகத்துக்கு என்ன சாதி, என்ன மார்க்கம்?" என்பார் நன்னி. இரவில் கலிமாவைத் தாலாட்டாக்கிப் பாடுவார். யூசுப் நபி (அலை) அவர்களின் கதை கிணற்றடிக்கு வருமுன் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

இவையெல்லாம் சின்னச் சின்ன இன்பங்கள்தானே, இவற்றில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. மதீனாவில் ஹஸரத் அனஸ் (ரலி) அவர்களுடைய குடும்பத்தில் முலைக்கா (ரலி) என்ற பாட்டியார் ஒருவர் இருந்தார். அவர் தம் கையால் உணவு சமைத்துப் பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். அகிலத்தின் அருட்கொடையான அண்ணலார் அந்த எளிய அழைப்பை ஏற்று வந்து உண்டார்கள். உண்டபின், எழுந்திருங்கள், உங்களுக்குத் தொழ வைக்கிறேன் என்ற கருத்தில் கூறினார்கள். நெடுநாள் புழங்கிக் கறுத்துப் போன ஒரு பாய்தான் அந்த வீட்டில் இருந்தது. அனஸ் (ரலி) அதன்மீது தண்ணீர் தெளித்து விரித்தார்கள். நபிகளார் முன்னே நிற்க, அவர்களுக்குப் பின்னே அனஸும் ஓர் அநாதைச் சிறுவரும் நிற்க, அவர்களுக்கும் பின்னே அந்த மூதாட்டி நின்றார். இரண்டு ரக்அத் நடந்தது. இச்சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

ஒரு பாட்டியின் சமையல், ஒரு பழைய பாய், ஒரு பேரப்பிள்ளை, ஓர் அநாதை! இவற்றைக் கொண்டே ஒரு ஜமாஅத் தொழுகை அமைந்தது. நம் வீட்டு நன்னியின் பாயையும் இனி அந்தக் கண்ணோடு பார்ப்போமா?

பெருமானார் (ஸல்) அவர்களும் பேரப்பிள்ளைகளின் இன்பத்தை அறிந்தவர்களே. மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழ வைத்தார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கி வைத்து, எழும்போது தூக்கிக் கொண்டார்கள். மற்றொரு சமயம் ஸஜ்தாவில் இருக்கும்போது பேரர் முதுகில் ஏறிக் கொண்டார். அவர் ஆசை தீர்ந்து இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள். பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் உண்டு, ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று உணர்த்தினார்கள்.

இனி, நன்னியின் கதைக்குத் திரும்புவோம். அல்லாஹ்வின் நாட்டம், அந்த ஒரே மகள் காய்ச்சலில் படுத்து மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். பேரனுக்கு அப்போது ஐந்து வயது, பேத்திக்கு மூன்று. இரண்டு பிள்ளைகளும் நன்னியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓராண்டு கழிந்ததும் மருமகன் மறுமணம் செய்து கொண்டார். அது அவருக்கு ஆகுமானதே. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாள் அவர் வந்து, "என் பிள்ளைகளை நான் அழைத்துப் போகிறேன்" என்றார். நன்னி வாய் திறக்கவில்லை. பேத்தி மட்டும் நன்னியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விஷயம் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் வந்தது. நாமும் அங்கே இருந்தோம். "ஹஜரத்து, நான் பெற்றதும் போச்சு. இதுகளையும் எடுத்துக்கிட்டா நான் யாருக்கு அடுப்பு மூட்டுறது?" என்று நன்னி கேட்டது இன்றும் நம் காதில் இருக்கிறது.

அப்போது நாம் மருமகனுக்கு ஒரு சரித்திரத்தை எடுத்துச் சொன்னோம். ஹஸரத் உமர் (ரலி) அவர்கள் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரை மணந்து, ஆஸிம் என்ற மகனைப் பெற்று, பின்னர் தலாக் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் குபா பள்ளிவாசல் முற்றத்தில் மகன் விளையாடிக் கொண்டிருப்பதைக் கண்டு, கையைப் பிடித்துத் தம் வாகனத்தில் ஏற்றிக் கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி பின்னாலேயே வந்து பிள்ளையைக் கேட்டு வாதாடினார். இருவரும் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். உமரும் என் பிள்ளை என்றார்கள். பாட்டியும் என் பிள்ளை என்றார். பாட்டிக்கும் பிள்ளைக்கும் குறுக்கே நிற்க வேண்டாம் என்று கலீபா தீர்ப்பளித்தார்கள். உலகமே அஞ்சும் உமர் (ரலி) அவர்கள் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது வருகிறது. அந்த ஆஸிமின் மகள் வயிற்றில் பிறந்தவர்தாம், கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்து நீதிக்குப் பெயர் பெற்ற கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்).

ஆகவேதான் நம் ஃபுகஹாக்கள், தாய் இல்லாத பிள்ளையை வளர்க்கும் உரிமையில் தாயின் தாயை முன் வைத்தார்கள். அவருக்குப் பின் தந்தையின் தாய். ஹனஃபி மத்ஹபில் ஆண் பிள்ளை ஏழு வயது வரையும், பெண் பிள்ளை பருவமடையும் வரையும் அவ்வாறு வளரலாம். ஷாஃபிஈ மத்ஹபில் விவரம் தெரியும் வயது வந்தபின் பிள்ளையின் விருப்பமும் கேட்கப்படும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: வலீ என்ற பொறுப்பு தந்தையுடையதே, பிள்ளை எங்கே வளர்ந்தாலும் செலவும் தந்தையுடையதே. நம் நாட்டின் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றங்களும் பிள்ளையின் நலனையே முதலில் பார்க்கின்றன.

மருமகன் நல்லவர், கேட்டுத் தலை குனிந்தார். பிள்ளைகள் நன்னியிடமே இருக்க, மாதாமாதம் செலவுக்குப் பணம் தருவதாகவும், வெள்ளிக்கிழமைதோறும் வந்து பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

அன்றே இன்னொன்றும் பேச வேண்டியிருந்தது. மவுத்தான மகளின் நகைகள் எல்லாம் கணவருக்கே என்று அவர் நினைத்திருந்தார். நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். பெண்ணின் சொத்து அவளுடைய சொத்து. அவளுக்குப் பின் அது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. கஃபன் செலவும் கடனும் வசிய்யத்தும் போக, உதாரணமாக 36 பவுன் மீதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்கு நான்கில் ஒன்று, அதாவது 9 பவுன். தாய்க்கு ஆறில் ஒன்று, 6 பவுன். மீதி 21 பவுனில் மகனுக்கு 14, மகளுக்கு 7. பிள்ளைகளின் பங்கு அமானிதம். அநாதையின் சொத்தில் கை வைப்பதைத் திருமறை எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பாட்டி என்ற முறையிலும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பாட்டியார் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் வந்து, இறந்த பேரப்பிள்ளையின் சொத்தில் தம் பங்கைக் கேட்டார். அல்லாஹ்வின் வேதத்தில் உமக்கெனப் பங்கு ஏதும் நான் காணவில்லை, ஸுன்னத்திலும் அறியவில்லை, மக்களிடம் கேட்கும்வரை திரும்பிச் செல்லும் என்ற கருத்தில் கலீபா சொன்னார்கள். பிறகு விசாரித்தபோது, நபிகளார் பாட்டிக்கு ஆறில் ஒன்று கொடுத்ததைத் தாம் நேரில் கண்டதாக முகீரா இப்னு ஷுஃபா (ரலி) கூறினார்கள். கலீபா அத்துடன் விடவில்லை. வேறு சாட்சி கேட்டார்கள். முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) எழுந்து அதையே கூற, ஆறில் ஒன்று கொடுக்கப்பட்டது. பின்னர் உமர் (ரலி) காலத்தில் மற்றொரு பாட்டி வந்தபோது, இருவர் இருந்தால் அதே ஆறில் ஒன்றைப் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் பாட்டிக்குப் பங்கு இல்லை என்பதையும் நினைவில் கொள்க.

ஒரு மூதாட்டியின் கேள்விக்காக ஒரு கலீபா சபையைக் கேட்டு, சாட்சி தேடி, விடை கண்ட வரலாறு இது. நாமோ வீட்டுப் பெரியவளின் கேள்விக்குத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை!

சகோதரர்களே, சிந்தியுங்கள். மூன்று மகன்கள் இருந்தால் மாதத்துக்கு ஒரு வீடு என்று தாயை மூட்டை முடிச்சோடு அனுப்பும் வழக்கம் நம்மிடையே புகுந்துவிட்டது. பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்றால் நன்னி வேண்டும்; பிள்ளை பள்ளிக்கூடம் போனபின் நன்னி பாரமாகிவிடுகிறார். பேரன் கையில் செல்போன்; நன்னியின் யூசுப் நபி கதை பாதியில் நிற்கிறது. வசதியற்ற பாட்டிக்கு வசதியுள்ள பேரன் உணவும் உடையும் தருவது மார்க்கக் கடமை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வயது வந்த பேரன் பேத்தியரிடம் பராமரிப்புக் கேட்கும் உரிமையைத் தாத்தா பாட்டிக்குத் தந்திருக்கிறது. ஆனால் ஒரு நன்னி அந்தச் சட்டத்தைத் தேடிப் போகும்படி விட்டுவிட்டால், நாம் எந்த முகத்தோடு துஆவுக்குக் கையேந்துவது?

சகோதரிகளே, நன்னிமார்களுக்கும் ஒரு சொல். பேரப்பிள்ளை இன்பம், ஆனால் அது சொந்தமல்ல, அமானிதம். தாய் தகப்பன் கண்டிக்கும்போது குறுக்கே நின்று செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். மருமகளைப் பற்றிய குறையைப் பிள்ளையின் காதில் போடாதீர்கள். பிஸ்மில்லாஹ்வையும், ஸலாத்தையும், அண்டை வீட்டாரின் பங்கையும் கற்றுக் கொடுங்கள். நீங்கள் போன பின்னும் உங்களுக்காகக் கையேந்தும் நாவு அது.

அந்தத் திருவண்ணாமலை நன்னி அதைச் செய்து காட்டினார். பேரனுக்கு ஏழு வயது நிறைந்ததும் தாமே அவனுக்குப் புதுத் தொப்பி தைத்து, தகப்பனிடம் அனுப்பி வைத்தார். யாரும் வந்து கேட்கவில்லை. "தகப்பன் பக்கத்தில் நின்று தொழப் பழகட்டும்" என்றார். பஸ் போனபின் அவர் நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டோம். பேத்தி நன்னியிடமே தங்கினாள். வியாழக்கிழமை மாலைதோறும் பேரன் ராஜபாளையத்திலிருந்து வந்துவிடுவான். வந்ததும் முதல் வேலையாகத் திண்ணைப் பானையைத் தொட்டுப் பார்ப்பானாம். தண்ணீர் குறைந்திருந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவானாம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் உள்ள மூதாட்டிகளின் ஆயுளில் பரக்கத் செய்வானாக! அவர்களுடைய கண்களைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு குளிரச் செய்வானாக! அவர்களுக்குரிய ஹக்கைக் குறைவின்றி நிறைவேற்ற நமக்குத் தவ்ஃபீக் தருவானாக! ஆமீன்.