நோயின் பெயர் தெரியும் வரை

நோய் இன்னதென்று தெரியாத ஒருவர், மார்க்கத்தின் பார்வையில் நோயாளியா, இல்லையா? கேட்பதற்கு வேடிக்கையான கேள்விதான். ஆனால் ரமலான் பிறை தென்படும் நேரத்தில் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டால், அதன் கனம் அந்த வீட்டாருக்குத்தான் தெரியும்.

அரக்கோணத்தில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்காரப் பெண்மணிக்குச் சில மாதங்களாக மூச்சு வாங்குகிறது. மாடிப் படி ஏறினால் கண் இருட்டுகிறது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கைகால்களில் நீலத் தழும்புகள். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 7 என்று வருகிறது. பெண்களுக்கு 12-க்குக் குறையலாகாது. வெள்ளை அணுக்களும் குறைவு; பிளேட்லெட் எனும் தட்டணுக்களும் குறைவு. “மூன்றும் சேர்ந்து குறைந்திருக்கிறது, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், வேலூருக்கோ சென்னைக்கோ போங்கள்” என்கிறார் உள்ளூர் டாக்டர். ரயிலேறிப் போகிறார்கள். அங்கே மேலும் பல பரிசோதனைகள். இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். முடிவு தெரிய நாளாகும், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். வீடு திரும்பினால் தெருவில் நோன்புக் கஞ்சிப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

“எனக்கு இன்ன நோய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லையே! எதைச் சொல்லி நான் நோன்பை விடுவது?” என்கிறார் அந்தத் தாய்.

இது பிடிவாதமல்ல, பயபக்தியிலிருந்து பிறந்த கேள்வி. ஆகவே இதற்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும்.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கும் வசனங்கள், நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளச் சலுகை தருகின்றன. இன்ன நோய், இன்ன பெயர் என்ற பட்டியல் எதுவும் அங்கே இல்லை. (பயணத்தின் பேரால் இந்தக் குடும்பத்துக்குச் சலுகை கிடையாது என்பதையும் சொல்லிவிடலாம். அரக்கோணத்திலிருந்து வேலூரும் சரி, சென்னையும் சரி, ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. நம் பகுதி உலமாக்கள் கணக்கிடும் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் தூரத்தை அவை எட்டுவதில்லை.) எனவே நோய் என்ற காரணம் தன் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும்.

அது நிற்கிறதா? பிக்ஹு இமாம்கள் இதில் பார்த்தது நோயின் பெயரை அல்ல, உடம்பின் நிலையை. நோன்பு வைத்தால் நோய் முற்றும், குணமாவது தாமதப்படும் என்ற அச்சம் இருக்கிறதா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அந்த அச்சத்துக்கும் ஓர் அளவு வைத்தார்கள். திட்டமான அறிவுக்கு யகீன் என்று பெயர். அதற்குக் கீழே ளன் எனப்படும் மேலோங்கிய எண்ணம். இரு பக்கமும் சமமாக இருந்தால் ஷக். வெறும் மனப்பிரமையாயின் வஹ்மு. நோன்பை விட யகீன் வேண்டுமென்று இமாம்கள் கேட்கவில்லை. மேலோங்கிய எண்ணமே போதும் என்றார்கள். அந்த எண்ணம் வெளிப்படையான அடையாளத்தாலோ, சொந்த அனுபவத்தாலோ, தேர்ந்த வைத்தியரின் சொல்லாலோ வரலாம். பழைய ஹனபி நூல்கள் ‘முஸ்லிம் வைத்தியர்’ என்றே குறிப்பிடும். பிற்கால உலமாக்களில் பலர் திறமையையும் நேர்மையையும் பிரதானமாகக் கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் 7 என்பது மனப்பிரமை அல்லவே! எந்தக் காரணத்தால் குறைந்தது என்பதுதான் தெரியவில்லை. குறைந்திருக்கிறது என்பது யகீனாகவே தெரிகிறது.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு சம்பவம் பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அதே நிலையில் குளிப்பும் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அந்த மனிதரை அவர்கள் கொன்றுவிட்டதாகவே கூறிக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாததைக் கேட்டு அறிந்திருக்க வேண்டாமா என்று வினவினார்கள். அந்தத் தோழர்கள் கெட்டவர்களல்லர், மார்க்கத்தைப் பேண நினைத்தவர்கள்தாம். “நோயின் பெயர் தெரியாதவரை நோன்பு பிடித்துத்தான் ஆக வேண்டும்” என்று வீட்டிலுள்ள பெண்ணிடம் சொல்கிறவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

பெயர் தெரிவதற்கு முன்னரே நோயைக் கவனிக்க முடியும் என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று ஜனங்கள் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை அறியாதார் குறைவு. பர்தா பேணும் பெண்களும் தயங்காமல் வந்து வைத்தியம் பெற வேண்டுமென்று 1885-இல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. 1931-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி அங்கே ஆராய்ச்சி செய்தார். அதற்கு முன் பம்பாயிலும் குன்னூரிலும் வேலை பார்த்தவர். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பயங்கரமாகக் குறைந்து உயிரையே குடிக்கும் ஒரு வியாதியின் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. பம்பாயில் எந்த வகுப்புப் பெண்களுக்கு அது அதிகம் என்று விசாரித்த வில்ஸ், உணவிலும் மிகக் குறைந்து, இந்த நோய்க்கும் மிகுதியாக ஆளானவர்கள் ஏழை முஸ்லிம் பெண்களே என்று கண்டார். நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி அது. கிருமியா, விஷமா என்று தேடியலைந்த பின், மார்மைட் எனும் மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தம் ஊறிற்று! அதில் எந்தச் சத்து வேலை செய்தது என்பது அவருக்கும் தெரியாது. ‘வில்ஸ் காரணி’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதற்கு, போலிக் அமிலம் என்ற பெயர் 1941-இல்தான் வந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே பெண்கள் பிழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தைப் படித்துவிட்டுக் கடையில் சத்து மாத்திரை வாங்கித் தானாகவே விழுங்க ஆரம்பிப்பதும் தவறு. மூன்று அணுக்களும் குறைவதற்கு நம் நாட்டில் பி-12 வைட்டமின் பற்றாக்குறை அடிக்கடி காணப்படும் காரணம். சில ஊசிகளில் தீர்ந்துவிடும். மண்ணீரல் வீக்கம், சில மருந்துகள், சில காய்ச்சல்கள், மஜ்ஜையே சோர்ந்துபோதல், ரத்தப் புற்று ஆகியவையும் காரணமாகலாம். பி-12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் சாப்பிட்டால் ரத்த எண்ணிக்கை சற்று ஏறும். நரம்புகளோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவதுதான் காத்திருக்கும் காலத்தின் ஒழுங்கு.

எல்லாவற்றையும் விட வீடுகளில் நாம் கெடுத்துக்கொள்வது நாமாகவே பெயர் வைப்பதால்தான். ஒரு சாரார், “ரத்தம் கம்மி, அவ்வளவுதானே, எந்தப் பொம்பளைக்கு இல்லை?” என்று முடித்துவிடுவார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு இருக்கிறது என்பதனாலேயே அது சகஜமாகிப்போய்விட்டது. மறு சாரார், நோய் விசாரிக்க வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தமக்குத் தெரிந்த எவருக்கோ இப்படித்தான் ஆரம்பித்தது என்று கப்ரு வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இரண்டுமே ஊகம், ஊகத்தை யகீனாக விற்பனை செய்வது.

நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மைந்தர்கள் பொய் ரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து காட்டி, ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். ஆயத்தமான ஒரு பதில், ரத்தச் சாட்சியத்தோடு! யஃகூப் (அலை) அதை ஏற்கவில்லை. யூஸுபுக்கு என்ன நேர்ந்தது என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாத அந்த இடத்திலேயே நீண்ட காலம் நின்றார்கள். அழுதார்கள், கண்கள் வெளிறிப்போகும் அளவுக்கு அழுதார்கள். முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். பிறகு, யூஸுபையும் அவர் சகோதரரையும் தேடிப் போங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளை அனுப்பவும் செய்தார்கள். ஸபுரு என்றால் கல்லாகக் கிடப்பது என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அழுகை அங்கே தடுக்கப்படவில்லை, தேடுவதும் நிற்கவில்லை. ஓதிப் பார்ப்பதும் துஆவும் நடக்கட்டும், மஜ்ஜைப் பரிசோதனைக்குக் குறித்த தேதியும் தவறாதிருக்கட்டும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்விக்கு வருவோம். அவர் வெளியே சொல்லமாட்டார். “விட்ட நோன்பைக் கழா செய்ய எனக்கு ஹயாத்து இருக்குமா? கடனோடு போய்விடுவேனோ?” என்பதே அது. வீட்டார் இதைப் புரிந்துகொண்டு ஆறுதல் சொல்வதாக நினைத்து, “பித்யா கொடுத்துவிடலாம், கவலைப்படாதே” என்கிறார்கள். ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தும் விடுகிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் பித்யா, குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளிக்கும், நோற்க இயலாத தள்ளாத முதியோருக்கும் உரியது. நோய் இன்னதென்றே தெரியாதபோது பித்யா கொடுப்பது, இது தீராத நோய் என்று டாக்டருக்கு முந்திக்கொண்டு நாம் தீர்ப்பெழுதுவதாகும். நோயாளியின் காதில் அது எப்படி விழும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். ஹனபி மத்ஹபின்படி, பித்யா கொடுத்த பின் குணமாகிவிட்டால் நோன்புகளைக் கழா செய்தே தீர வேண்டும். ஆகவே இப்போதைக்கு அவர் செய்ய வேண்டியது நாட்களைக் குறித்து வைப்பது மட்டுமே.

குணமாகாமலே, கழா செய்ய ஒரு வாய்ப்பும் கிட்டாமலே அல்லாஹ் அழைத்துக்கொண்டால்? அந்த நோன்புகள் அவர் மீது கடனாக நிற்பதில்லை என்று ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபினரும் சொல்கிறார்கள். வேறு நாட்கள் கிடைத்தால்தானே வேறு நாட்களில் நோற்க வேண்டும்! இந்த ஒரு சட்டத்தை அந்தத் தாயின் அருகில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லியிருந்தால், அவர் வெறும் வயிற்றோடு மயங்கி விழ வேண்டிய அவசியமே வந்திராது.

பெண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. ரத்தம் குறைவதன் காரணத்தைத் தேடும் டாக்டர் முதலில் கேட்பது மாதவிடாய் பற்றித்தான். அங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு “எல்லாம் சரியாக இருக்கிறது” என்றுவிடுகிறார்கள், அதுவும் கணவர் அருகில் நின்றால் கேட்கவே வேண்டாம். ஹைளுக்கு மிகுதியான கால அளவு ஹனபி மத்ஹபில் 10 நாள், ஷாபிஈ மத்ஹபில் 15 நாள். அதைத் தாண்டினால் இஸ்திஹாளா எனும் நோய் உதிரம் என்று மத்ரஸாவில் ஓதியவர்கள்தாம் இவர்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் ஓயாத உதிரப்போக்கைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். வெட்கம் மார்க்கத்தைக் கற்பதற்குத் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். தொழுகைக்காக நாட்களை எண்ணத் தெரிந்த பெண்ணுக்கு, அதே எண்ணிக்கையை வைத்தியரிடம் சொல்ல என்ன தடை? பெண் டாக்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நிர்ப்பந்தத்துக்கு ஷரீஅத்தில் வழி உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தோன்றிய கதையே இதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்து, ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் தொடங்கிய சிறு வைத்தியசாலைதான் இன்று அந்த ஆஸ்பத்திரி. அம்மூன்று கணவர்களில் ஒருவர் முஸ்லிம்.

ஆக, சுவரில் தொங்கும் காலண்டரில் இந்த ரமலானுக்கு இரண்டு குறிப்புகள் எழுதிக்கொள்ளட்டும். விட்ட நோன்புகள் எந்தெந்த நாள் என்பது ஒன்று. ஹைளு எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் நின்றது, எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது மற்றொன்று. முதலாவது பெருநாள் கழிந்து உடம்பு தேறும் வரை அப்படியே இருக்கட்டும். இரண்டாவதை அடுத்த முறை ரயிலேறும்போது ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.