ஒரு குடம் நீர் யாருக்கு?

கல்லூரிகளில் பொருளியல் என்று போதிக்கப்படும் கலை, யாவரும் அறிந்த ஓர் உண்மையிலிருந்து தொடங்குகிறது. மனிதனின் தேவைகள் பல. அவன் கையிலுள்ள பொருளோ குறைவு. அந்தக் குறைந்த பொருளையும் பல வழிகளில் செலவிடலாம். ஆகவே ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை விடவேண்டும். லண்டன் பேராசிரியர் லயனல் ராபின்ஸ் 1932-ல் வெளியிட்ட நூலில் இந்நிலையில் மனிதன் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய்வதே பொருளியல் என்று வரையறுத்தார்.

இதைக் கேட்கும் முஃமினின் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. ரிஜ்கு அளிப்பவன் அல்லாஹ். அவனுடைய கஜானாவில் குறைவென்பதே இல்லை. அப்படியிருக்கப் பற்றாக்குறையை அடிப்படையாக வைத்துப் பேசுவது ஈமானுக்குப் பொருந்துமா? இதற்கு விடை காணத் தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் சற்று நோக்கினால் போதும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி காலையுடன் முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவுதான். ஆண்டின் மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் இறங்கியது. அடையாறு பெருகி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2019 ஜூன் மாதத்தில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லாததால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் சென்னைக்கு வந்தது.

வானம் ஒன்று, மண் ஒன்று. அங்கே வெள்ளமும் இறங்கியது, தாகமும் வந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன?

வானிலிருந்து நீரை ஓர் அளவோடு இறக்கி, அதைப் பூமியில் தங்க வைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றலுண்டு என்றும் அல்லாஹ் சூரா அல்முஃமினூனில் உணர்த்துகிறான். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அளவு, மற்றொன்று, தங்குமிடம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம் என்று நம் பகுதியின் ஊர்ப்பெயர்களோடு ஏரிகளும் சேர்ந்தே இருந்தன. ஒன்றில் மிகுந்த நீர் மற்றொன்றில் இறங்கி, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது. நீர் தங்க வேண்டிய அவ்விடங்களில் பலவற்றை மனிதர்கள் மனையாக்கினார்கள்; குப்பை கொட்டினார்கள். எஞ்சிய சதுப்புக்கு 2022-ல்தான் உலக ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது.

இராக் நாட்டு அறிஞர் பாகிர் அஸ்ஸத்ர் 1961-ல் வெளியிட்ட 'இக்திஸாதுனா' என்னும் நூலில், பொருளாதாரத் துன்பத்துக்குக் காரணம் இயற்கையின் கஞ்சத்தனமல்ல, மனிதனின் அநீதியும் நன்றிகேடுமே என்று வாதிட்டார். நாம் மேலே கண்ட ஏரிகளின் கதை அவர் கூற்றுக்குச் சான்றாகவே தோன்றும். ஆயினும் அத்துடன் விஷயம் முடிந்துவிடவில்லை. ஏரியைக் கெடுத்தவர் எவராயினும், ஜூன் மாதத்து நண்பகலில் ஒரு வீட்டில் இருப்பது ஒரு குடம் நீர் என்றால் அது ஒரு குடம்தான். குடிக்கவா, சமைக்கவா, குளிக்கவா, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவா என்ற கேள்வி அந்த நேரத்தில் நிற்கவே செய்கிறது. அல்லாஹ்வின் கஜானா குறைவற்றது. அதிலிருந்து நம் கைக்கு வருவது அளவுடையது. அந்த அளவுக்குள் எதைத் தேர்கிறோம் என்பதில்தான் நமக்குச் சோதனை இருக்கிறது.

இதை நம் மார்க்கச் சட்டம் நெடுங்காலமாகவே அறிந்து வைத்திருக்கிறது. ஃபிக்ஹு கிதாபுகளில் தயம்மும் பாடத்தைப் பாருங்கள். ஒருவரிடம் ஒளுவுக்குப் போதுமான நீர் இருக்கிறது. ஆனால் அது அவருடைய தாகத்துக்கோ, உடன் வரும் தோழரின் தாகத்துக்கோ, அவர்களுடைய கால்நடையின் தாகத்துக்கோ தேவைப்படுகிறது. அப்போது அந்நீரை உயிருக்கு வைத்துவிட்டு, அவர் மண்ணால் தயம்மும் செய்து தொழ வேண்டும். கையில் நீர் இருந்தும், சட்டத்தின் பார்வையில் அவர் நீர் இல்லாதவராகவே கருதப்படுகிறார்! தொழுகை தீனின் தூண். அதன் திறவுகோலான ஒளுவே வாயில்லாப் பிராணியின் தாகத்துக்கு முன் விலகி நிற்கிறது என்றால், நம்முடைய வாகனம் கழுவுதலும் வாசல் நனைத்தலும் எந்த வரிசையில் நிற்கும் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பொருளியலார் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு பொருளுக்கு நாம் கொடுத்த காசு மட்டும் அதன் செலவாகிவிடாது. அப்பொருளை இங்கே செலவிட்டதால் வேறு எந்த நற்பயன் நடக்காமல் போயிற்றோ, அதுவே அதன் உண்மையான செலவு. இந்தக் கணக்கில் பார்த்தால், காசு கொடுத்து லாரி நீர் வாங்கியவர் "என் பணம், என் தண்ணீர்" என்று சொல்லிவிட முடியாது. அவர் கொடுத்தது ஏற்றி வந்தவரின் உழைப்புக்கும் டீசலுக்கும் உரிய விலை. அந்த நீர் சென்றிருக்கக்கூடிய மற்றொரு வீட்டின் அடுப்படிக்கு அவர் எதையும் கொடுக்கவில்லை.

இனி, பலர் நம்மிடம் கேட்கும் மஸ்அலாவுக்கு வருவோம். ஒரு வீட்டில் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. கோடையில் தெருவிலுள்ள மற்றக் கிணறுகள் வற்றிவிட்டன. இவர் மட்டும் இரவு பகலாக மோட்டார் ஓட்டி லாரிகளுக்கு விற்கிறார். நிலம் அவருடையது, கிணறு அவருடையது, மின்சாரக் கட்டணமும் அவரே கட்டுகிறார். இது கூடுமா?

பாத்திரத்தில் எடுத்து வைத்த நீர் எடுத்தவருக்குச் சொந்தம், அதை விற்பது ஆகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிணற்றிலுள்ள நீரின் நிலை வேறு. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் போதனை. தமக்கும் தம் குடும்பத்துக்கும் தம் கால்நடைக்கும் போக மிஞ்சும் கிணற்று நீரைத் தாகித்த மனிதருக்கோ கால்நடைக்கோ தடுக்கலாகாது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். அண்டை வீட்டாரின் குடிநீர்ப் பங்கை முதலில் கொடுத்துவிட்ட பிறகே விற்பனையைப் பற்றிப் பேச இடமுண்டு.

அன்றியும், தாம்பரம், பல்லாவரம் பகுதியின் மண்ணுக்கடியில் இருப்பது கடும்பாறை. அதன் வெடிப்புகளில் ஓடும் நீர் எவருடைய பத்திரத்தையும் படித்துப் பார்த்து ஓடுவதில்லை. நம் கிணறு இறைக்கும்போது அண்டை வீட்டாரின் கிணறும் இறங்கலாம். இதை உணர்ந்தே அரசாங்கமும் 1987-ல் சென்னைப் பெருநகரப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, நீரை வண்டியில் ஏற்றிச் செல்ல அனுமதி பெற வேண்டுமென்று விதித்தது. பிறருக்குத் தீங்கிழைக்காதிருப்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதியுமாகும்.

மதீனாவில் மேட்டு நிலத்துக்கு உரியவரான ஜுபைர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வாய்க்கால் நீரில் வழக்கு வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் கூறிய முடிவு, ஜுபைர் தம் நிலத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, பிறகு அண்டை நிலத்துக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்பதே. முன்னுரிமை அவருக்கு இருந்தது. ஆயினும் பாய்ச்சிய பிறகு தேக்கி வைத்துக்கொள்ள இடமில்லை.

விலை வைத்தால்தான் மனிதன் வீணாக்க மாட்டான் என்பது பொருளியலாரின் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் விலை, "உன்னால் எவ்வளவு கொடுக்க முடியும்?" என்று கேட்குமேயன்றி, "உனக்கு எவ்வளவு தாகம்?" என்று கேட்பதில்லை. இந்தக் குறையைப் போக்கவே உஸ்மான் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ரூமா கிணற்றைத் தம் பணத்தால் வாங்கி, செல்வந்தரும் ஏழையும் சமமாக அருந்தும்படி பொதுவாக்கினார்கள். அவர்கள் விலையை மறுக்கவில்லை. விலையைத் தாமே கொடுத்து, பிறருக்கு அதை இல்லாமற் செய்தார்கள்.

அருமைச் சகோதரர்களே, தாய்மார்களே! நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் நம்மால் ஆகக்கூடியவை உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் ஒளுச் செய்வார்கள் என்று ஹதீஸ் கிதாபுகளில் வந்துள்ளது. மத்ஹபுகளின் கணக்கில் வேறுபட்டாலும், அது ஏறக்குறைய அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் இடையிலேயே நிற்கும். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு முகமும் காலும் கழுவி முடிப்பதற்குள் எத்தனை லிட்டர் ஓடுகிறதென்று ஒரு முறை கீழே வாளி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2003-ல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று கட்டிய தொட்டி இன்று மண்மூடிக் கிடந்தால், ஐப்பசிக்கு முன் அதைத் தூர்வாருவதும் அமானத்தைப் பேணுவதே. பள்ளியின் நீர் வக்பு செய்தவரின் நிபந்தனைக்கு உட்பட்டதாகையால், வறண்ட காலத்தில் அதைத் தெருவாருக்குக் கொடுப்பது பற்றி முத்தவல்லிகள் ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்து வைத்திருப்பது நலம். தாகம் வந்த பிறகு கூடிப் பேசிக் கொண்டிருக்க நேரமிராது.

மறுமையில் நிஃமத்துகளைப் பற்றி நாம் கேட்கப்படுவோம். குளிர்ந்த நீரும் அந்தக் கேள்வியில் அடங்கும் என்று ஹதீஸிலிருந்து விளங்குகிறோம். நீர் எவ்வளவு இறங்கியது என்பதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம் குடத்துக்கு வந்ததை யாருக்கு முன்வைத்தோம், யாரைப் பின்னால் நிறுத்தினோம் என்பதற்கே நாம் பதில் சொல்ல வேண்டும்.

வல்ல நாயன் நம் நிலத்துக்கு நலமிக்க மழையையும், அதைத் தங்க வைக்கும் அறிவையும், பகிர்ந்து அருந்தும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.