கை ஓடாத நாள்

கேரளத்தின் சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கும் பெண்களில் பலருக்கு அங்கே வீடு கிடையாது. தமிழ்நாட்டின் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ மலைக்கு வந்து, பொழுது சாயும்போது இறங்கிப் போகிறவர்கள் அவர்கள். அணக்கரையை ஒட்டிய செல்லார்கோவில் மேட்டில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும். சுற்றுலா வருகிறவர்கள் படம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் பின்னிரவிலேயே எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்துவிட்டு, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருகிற ஒருத்தியின் மாதத்தைப் பற்றித்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய நாளைப் பற்றி அவ்வப்போது பேசுகிறோம். ஜீப் கவிழ்ந்தால் செய்தியாகிறது, கூலி உயர்ந்தால் செய்தியாகிறது. அவளுடைய மாதம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஏலக்காய் எடுப்பதை வெளியிலிருந்து பார்த்தால் சும்மா கை வேலை போலத் தெரியும். காய் மேலே தொங்காது. தட்டை எனப்படும் ஏலத்தண்டின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். ஒரே சரத்தில் பூ இருக்கும், பிஞ்சு இருக்கும், முற்றியதும் இருக்கும். முற்றியும் பழுக்காத ‘கரிங்காய்’ப் பருவத்துக் காயை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் உலர்த்தும்போது சுருங்கி எடை போய்விடும். பழுத்ததை எடுத்தால் வெடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை, ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடியிடம் திரும்பி வந்து, குனிந்து, ஒவ்வொரு காயாகப் பார்த்து, எதை எடுப்பது எதை விடுவது என்று நாள் முழுக்கத் தீர்மானித்துக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதும் அந்தத் தீர்மானம் பிசகக் கூடாது. கூலிப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் இருந்தாலும், இது கவனத்தால் செய்கிற வேலை.

தூரம் என்று சொல்லும் மாதவிடாய் வருவதற்கு முந்தைய சில நாட்களிலும் வந்த முதல் இரண்டு நாட்களிலும் பலருக்கு நழுவிப்போவது அந்தக் கவனம்தான். “கிறக்கமா இருக்கு மதினி” என்பார்கள். “இன்னிக்குக் கை ஓட மாட்டேங்குது.” “காயெல்லாம் ஒண்ணுபோலத் தெரியுது.” உடம்பை அடித்துப் போட்டது போன்ற அசதியும், தலைக்குள் பனி இறங்கியது போன்ற மந்தமும் சேர்ந்தே வருகின்றன. எழுத்து வேலையில் இருக்கும் எனக்கும் அந்த மந்தம் தெரியும். படித்த பத்தியையே மறுபடி படித்துக்கொண்டிருப்பேன், எழுத வந்த சொல் பாதியில் காணாமல் போகும். ஆனால் நான் தாளை மூடி வைத்துவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அவளுடைய சாக்கு மாலையில் தராசுக்குப் போகும்.

உள்ளே நடப்பது என்ன? கருமுட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரான் ஏறுகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி செல்சியஸ் அளவுக்குக்கூட உயரும், தூக்கத்தின் ஆழம் குறையலாம். அந்த ஹார்மோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள், சில வகைத் தூக்க மாத்திரைகள் மூளையில் எந்த வாசலில் போய் வேலை செய்கின்றனவோ அதே வாசலில் வேலை செய்கிறது. மாதவிடாய் நெருங்கும்போது புரொஜெஸ்டிரானும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து சரிகின்றன. அந்தச் சரிவு சில பெண்களை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது, சிலரைப் புரட்டிப் போடுகிறது. பிறகு கருப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் வலியைக் கொண்டுவருகின்றன; வலி வந்த இரவில் எவருக்கும் முழுத்தூக்கம் கிடையாது. பின்னிரவில் எழ வேண்டியவளுக்கு அந்த அரைத்தூக்கமும் இல்லை. நாற்பதைத் தாண்டியவளுக்கு இன்னொரு மாற்றம் காத்திருக்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மறதியும் தடுமாற்றமும் கூடுவதாகப் பெண்கள் சொல்வது வெறும் மனப்பிரமை இல்லை என்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009இல் காட்டியது. அந்தக் கட்டத்தில் புதிதாகக் கற்கும் வேகம் குறைகிறது, அதைக் கடந்த பிறகு திரும்பி வருகிறது. திரும்பி வருகிறது என்பதை எந்த மருத்துவமனை வரிசையிலும் நம் அக்காமார்களுக்கு யாரும் சொல்வதில்லை. ‘வயசாகுதுல்ல’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த ஹார்மோன் அலையின் கீழே, சத்தமில்லாமல் இன்னொன்று இருக்கிறது: இரும்புச்சத்துக் குறைவு. மாதம்தோறும் ரத்தம் போகிற உடம்பில் இரும்பு தேய்ந்துகொண்டே வருகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். மேட்டுக்கு மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. கீழேயிருந்து ஏறி வருகிறவள் கீழ்க்கணக்கையே உடம்பில் சுமந்துகொண்டு வருகிறாள். ரத்தசோகை என்று சொல்லும் அளவுக்கு ஹீமோகுளோபின் இறங்காதபோதும், உடம்பின் இருப்பில் உள்ள இரும்பு குறைந்தாலே அசதி வரலாம். பிரான்சில் அப்படிப்பட்ட 198 பெண்களிடம் நடந்து 2012இல் வெளியான சோதனையில், 12 வாரம் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்களின் அசதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை.

இந்த ஒரு செய்தியில் நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன். ‘பொம்பள உடம்பு அப்படித்தான்’ என்று தலைமுறை தலைமுறையாகத் தாங்கிக்கொண்டதில் ஒரு பங்கு, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையால் தீரக்கூடிய குறைவாக இருந்திருக்கிறது. எத்தனை பாட்டிகள் ‘சோம்பேறி’ என்ற பெயரோடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்! சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர் இரும்பை உடம்பு ஏற்பதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நல்லது. ஏழு நாளைத் தாண்டியும் உதிரம் நிற்கவில்லையென்றால், மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டியிருந்தால், அது தாங்கிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டியது. அசதி விடாமல் தொடர்ந்தால் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும்.

மந்தத்துக்குத் திரும்பி வருகிறேன். 2025இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாதவிடாய்ச் சுழற்சியும் மூளைத்திறனும் பற்றிய 102 ஆய்வுகளை, ஏறத்தாழ 4,000 பெண்களின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கவனம், மொழி போன்ற எதிலும் மாதத்தின் எந்த நாளிலும் உறுதியான சரிவு தெரியவில்லை. முதல்முறை படித்தபோது எனக்கு இது மகிழ்ச்சியாக இருந்தது, கூடவே குழப்பமாகவும் இருந்தது. திறன் குறையவில்லை என்றால் அத்தனை பெண்கள் சொல்லும் மந்தம் என்ன?

சரத்தின் முன்னால் குனிந்திருக்கும் அந்தப் பெண்ணை மனதில் வைத்து யோசித்தபோதுதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அந்த நாளிலும் அவள் காய் எடுக்கிறாள். கரிங்காயையும் பிஞ்சையும் பிரிக்கிறாள். சாயங்காலம் எடை கொஞ்சம் குறையலாம், அல்லது குறையாமலே போகலாம். குறையாமல் போவதற்காக அவள் ஒரு காயை இரண்டு தரம் பார்க்கிறாள், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தைச் சுருக்குகிறாள், பக்கத்தில் இருப்பவளோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள், வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் எரிந்து விழுகிறாள். ஆய்வறையில் சில நிமிடத் தேர்வு எழுதிய பெண்களும் இருந்ததையெல்லாம் திரட்டித்தான் அந்த மதிப்பெண்ணை எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். மதிப்பெண் பதிவாகிறது, அதற்காக உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தது பதிவாவதில்லை. அந்த நாட்களில் பெண்ணுக்குத் திறமை குறைவதில்லை, அதே வேலைக்கு அவள் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தது யார் கண்ணிலும் படாததால், மிஞ்சி நிற்கும் களைப்பு மட்டும் அவளுடைய குணமாகத் தெரிகிறது.

நம் சமூகம் இதற்கு இதுவரை கண்ட வழிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மதுரை மாவட்டத்துக் கூவலப்புரம் போன்ற ஊர்களில் அவளைத் தனி வீட்டில் ஒதுக்கி வைத்தார்கள். ‘அதுவும் ஒரு ஓய்வுதானே’ என்று சிலர் வாதாடுவதை நான் ஏற்கவே மாட்டேன். தீட்டு என்று சொல்லிக் கொடுத்த இடத்தில் எந்த உடம்பும் ஓய்வெடுக்காது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் எழுதாத மாத்திரைகளைக் கொடுத்து மறுபடி தையல் இயந்திரத்தின் முன் உட்கார வைத்ததை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு, மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் 82,309 பெண்களிடம் அரசுக் குழு விசாரித்தபோது, 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. வேலைக்குத் தடை என்று பலருக்கு உறுப்பையே எடுத்துவிட்டார்கள். இத்தனையிலும் வேலையின் நேரமோ அளவோ அவளுக்காக ஒரு விரற்கடைகூட நகர்ந்ததில்லை.

விடுப்பு பற்றிய பேச்சு இப்போது வந்திருக்கிறது. பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் தருகிறது. கேரளம் 2023இல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப்பதிவில் சலுகை தந்தது. கர்நாடகம் 2025இல் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு என்று அறிவித்தது. இப்படிக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கவலைப்பட்டது. அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தினக்கூலிக்காரியின் பக்கம் இந்த விவாதம் வந்து சேரவே இல்லை. கூலி இல்லாத விடுப்பு அவளுக்கு என்றைக்குமே உண்டு, ஜீப் ஏறாமல் இருந்தால் போதும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று எழுதிவைத்தது. அது 5 ஹெக்டேருக்கும் 15 ஆட்களுக்கும் குறையாத தோட்டங்களுக்கே பொருந்தியது. ஏலமலையில் அதற்கும் சிறிய தோட்டங்கள் நிறைய. அங்கே உதிரப்போக்கு மிகுந்த நாளில் ஒருத்தி துணி மாற்றத் தட்டை மறைவைத்தான் தேட வேண்டும்.

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத காரியங்கள் சில உண்டு. அந்த நாட்களில் மேட்டுச்சரிவை விட்டுச் சமதளத்துச் செடிகளையோ, காய் உலர்த்தும் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலையையோ கேட்டு வாங்க ஒருத்திக்கு வாய் வர வேண்டும், கேட்டால் கூலி குறையாமல் கிடைக்க வேண்டும். அவளுடைய ரத்தத்தை யாராவது பரிசோதிக்க வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் அவள் தப்பிப்போகிறாள். கிராமச் செவிலியர் தெருவுக்கு வரும் பகலில் அவள் மலையில் இருக்கிறாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதும் காலையில் அவள் சக்குபள்ளத்துச் செடிக்கு முன்னால் குனிந்திருக்கிறாள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தமிழ்நாட்டு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் வீட்டு வாசலுக்கு வந்தது. வாசலுக்குப் போகத் தெரிந்த அரசுக்கு, மாலையில் ஜீப்புகள் வந்து நிற்கும் இடத்துக்குப் போவது பெரிய காரியமில்லை. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், தேவைப்பட்டவளுக்கு மூன்று மாத மாத்திரை, ‘எத்தனை நாளாக்கா இப்படி இருக்கு?’ என்று கேட்க ஒரு செவிலியர், இவ்வளவுதான் வேண்டும். கம்பத்திலும் கூடலூரிலும் அந்த ஜீப்புகள் எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.