ஒதுக்கப்படும் குட்டிகள்

ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்க வருபவர் முதலில் பார்ப்பது மூக்கை. இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வெள்ளை உடம்பில் எங்காவது ஒரு புள்ளி தெரிகிறதா என்று தூக்கித் திருப்பிப் பார்ப்பார். காது கேட்குமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். பல நேரம் வராமலே போய்விடும்.

இந்த இனத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது ஊரறிந்த செய்தி. காரணமும் தெரிந்ததே. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் உண்டு. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிழைத்திருக்க அவை வேண்டும். வெள்ளை நிறத்தை உண்டாக்கும் சில மரபணுக்கள், நிறச்செல்களை உட்செவிவரை போகவிடுவதில்லை. விளைவு, பிறந்த சில வாரங்களிலேயே காது நிரந்தரமாகக் கேளாமல் போகிறது. டால்மேஷன் நாய்களிடமும் இதே சிக்கல் இருக்கிறது. பிறக்கும்போதே பெரிய கருந்திட்டு உள்ள டால்மேஷன் குட்டிகளிடம் செவிடு குறைவு என்று ஆய்வுகள் காட்டின. வேடிக்கை என்னவென்றால், இனவிதிகள் அந்தத் திட்டைத்தான் குறை என்கின்றன.

வெள்ளையை மட்டுமே தேர்ந்தெடுத்து வளர்ப்பது தகுமா? தகும் என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. அல்சேஷனும் லாப்ரடாரும் நகரத்து வீடுகளைப் பிடித்துக்கொண்ட காலத்தில், நாட்டு நாய்க்குச் சோறு போட்டு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். கலப்புக்கு இடம் கொடுக்காத அந்தப் பிடிவாதம் இல்லையென்றால், 2005-இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட இந்த இனமே மிஞ்சியிருக்குமா என்று கேட்கிறார்கள். கண்டபடி கலந்தால் சில தலைமுறைகளில் பெயர் மட்டுமே மிஞ்சும் என்ற அச்சமும் நியாயமானது.

ஆனால் அதே பிடிவாதத்துக்குள் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பேர்பெற்ற ஓர் ஆண் நாயிடமே சுற்றுவட்டாரப் பெட்டைகளையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தால், அடுத்தடுத்த ஈற்றுகளில் அண்ணனும் தங்கையும் பேரனும் பேத்தியும் இணைசேர வேண்டியதாகிறது. தந்தைக்கும் மகளுக்கும் பிறந்த குட்டியின் மரபணுக்களில் சராசரியாக 25 விழுக்காடு, ஒரே முன்னோரின் ஒரே பிரதி இரட்டிப்பாக வந்தவை. அதுவரை ஒளிந்திருந்த ஒடுங்கு குறைபாடுகள் வெளிப்பட இதைவிட வசதியான வழி இல்லை. நார்வேயின் வேரோய் தீவில் பஃபின் பறவை பிடிக்கப் பழக்கப்பட்ட லுண்டஹுண்ட் இனம் இதற்குச் சாட்சி. டிஸ்டெம்பர் நோய் தாக்கி 1960-களில் அந்த இனத்தில் ஆறு நாய்கள்தான் எஞ்சின. அவற்றில் ஐந்து ஒரே தாயின் குட்டிகள். இன்று அந்த இனம் முழுவதையும் ஒரு குடல்நோய் தொடர்கிறது. அதனால் நார்வேக்காரர்கள், தூய்மையைவிட உயிர் முக்கியம் என்று துணிந்து, பூஹுண்ட் போன்ற அண்டை இனங்களோடு பதிவு வைத்துத் திட்டமிட்டுக் கலந்துவருகிறார்கள்.

ராஜபாளையம் அந்த அளவுக்குப் போகவேண்டிய தேவை இப்போதைக்கு இல்லை. பழுப்போ கறுப்போ புள்ளியோடு எப்போதாவது பிறக்கும் குட்டியை ஏற்றுக்கொண்டாலே ஒரு வாசல் திறக்கும். அது அயல் இனத்துக் குட்டியல்ல. அதே பெட்டைக்கு, அதே ஈற்றில், வெள்ளைக் குட்டிகளோடு பிறந்தது. அதை இனப்பெருக்கத்திலிருந்து விலக்குவதும், ஒருகாலத்தில் கொன்றே விட்டதும், காப்பதாகச் சொல்லும் இனத்தின் கையிருப்பையே குறைத்த செயல்கள். குட்டிக்கு இழைத்த கொடுமை ஒருபுறம். இனத்துக்கு வந்த நட்டம் மறுபுறம். இரண்டுக்கும் சமாதானம் சொல்ல முடியாது.

வளர்ப்பவரின் கடமைகள் கடினமானவை அல்ல. யாருக்கு யார் பிறந்தது என்று வம்சாவளி எழுதிவைக்க வேண்டும். ஒரே ஆண் நாயை ஊர் முழுவதற்கும் விடக்கூடாது. செவிட்டு நாயைச் சேர்க்கைக்குக் கொண்டுபோகவே கூடாது. கைதட்டிப் பார்ப்பது போதாது, ஒரு காது மட்டும் கேட்கும் நாயும் திரும்பிப் பார்க்கும். காதில் ஒலி செலுத்தி மூளையின் மின்அலைகளைப் பதியும் சோதனைதான் உண்மையைச் சொல்லும்.

இவ்வளவையும் வளர்ப்பவர் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. அவர் விற்பது, கேட்கப்படுவதைத்தான். புள்ளிக்குட்டிக்குப் பாதி விலை பேசுபவர் இந்தத் தவறில் பங்காளி. தாய் தந்தையின் காதுச் சோதனைச் சான்றைக் கேளுங்கள், புள்ளி உள்ள குட்டியையும் அதே விலை கொடுத்து வாங்குங்கள்.