திணையும் பாலும்

தமிழ்ச் சொல்லிலக்கணம் பயிலும் மாணவர் முதற்கண் கற்பது திணை. அதன் பின்னரே பால். இவ்வைப்புமுறையுள் ஓர் அறம் பொதிந்துள்ளது. ஆண்மை திரிந்தோரைத் தொல்காப்பியர் மறந்தாரல்லர். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை எனினும், அவரை உயர்திணையிலேயே வைத்து, அத்திணையின் பால் ஈறுகளையே அவர்க்கும் வழங்கினார். மக்கள் என்னும் மதிப்பு முந்தியது. ஆண், பெண் என்னும் பகுப்பு பிந்தியது.

உலக வழக்கோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. செம்பவாங் அடுக்குமாடி வீடொன்றில் மகப்பேற்றுச் செய்தி வந்தவுடன் எழும் முதல் வினா, 'ஆணா, பெண்ணா?' என்பதே. இவ்வினாவுக்கு எளிதில் அடங்காதோர் இரு சாரார். குரோமோசோம், சுரப்பி, உறுப்பு ஆகியவற்றின் அமைப்பால் இருபாலுள் ஒன்றில் பொருந்தாது பிறந்த இடைப்பாலினத்தார் ஒரு சாரார். உடலமைப்பு எவ்வாறாயினும், தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ உணராதார் மற்றொரு சாரார். முன்னது உடலின் இயல்பு. பின்னது உள்ளத்தின் உணர்வு. இடைப்பாலினத்தாருள் பலர் தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ தெளிவாகவே உணர்கின்றனர். ஆதலின் இருவரையும் ஒன்றாக எண்ணுதல் பிழையாகும்.

எனினும், இருவரையும் பிணைக்கும் அறவினா ஒன்றுண்டு. ஒருவரின் பாலை முடிவு செய்யும் உரிமை யாருக்குரியது?

1971ஆம் ஆண்டில், சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் பால்மாற்று அறுவை மருத்துவம் செய்தார். அதனை விரும்பி வேண்டியவர் வயது வந்தவர். 2019ஆம் ஆண்டில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பையடுத்து, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு ஒரு பாலை வரையறுக்கும் அறுவையைத் தமிழக அரசு தடை செய்தது. உயிருக்கு ஊறு நேரும் நிலைக்கு மட்டும் விலக்களித்தது. அங்கே இசைவு; இங்கே தடை. இவை முரண்போல் தோன்றினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. அங்கு உடலுக்குரியவர் வாய்திறந்து கேட்டார். இங்குக் குழந்தைக்கு வாய்திறக்கும் பருவமே வரவில்லை.

பெற்றோர் அன்பினாலன்றோ அறுவைக்கு உடன்படுகின்றனர் என்பர் சிலர். உண்மையே. ஊரார் ஏச்சுக்குத் தம் பிள்ளை ஆளாகக்கூடாது என்னும் அச்சம் அவ்வன்பினுள் உறைகிறது. ஆயின், திருந்த வேண்டியது ஊரார் நாவா, குழந்தையின் உடலா? உயிருக்கு ஊறில்லாதபோது காத்திருக்கலாம். அறுத்தெறிந்ததை மீட்க இயலாது. பிறர் பொருத்திய பெயருக்குள் அடங்க மறுப்போரும் வேண்டுவது இதனையே: தம்மைத் தாமே சொல்லும் உரிமை.

'அவர்' என்னும் பலர்பாற் சொல் ஒருவரைச் சிறப்பித்து வருங்கால், ஆண் பெண் வேற்றுமை காட்டாது. மதிப்பை மட்டுமே காட்டும். அச்சொல்லை நாள்தோறும் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அதன் பொருளை வாழ்விலும் வழங்குவாராக.