பொருளும் கைங்கரியமும்

தொழில்முனைவுக் கல்விக்கு விண்ணப்பிப்பவர் தம் நோக்கத்தை எழுத முற்படும்போது எதிர்கொள்வது, ஈட்டும் பொருள் எவருக்குரியது என்னும் பழைய சமய வினாவே ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றில் சீனிவாசப் பெருமாளை வழிபடும் வைணவ மரபு, பயன் கருதாது இறைவனுக்கும் அடியார்க்கும் செய்யும் தொண்டினைக் கைங்கரியம் என்கிறது. நந்தவனம் அமைத்து மாலை தொடுத்த பெரியாழ்வாரின் அன்றாட உழைப்பு அதற்குச் சான்று. ஆயினும் நந்தவனத்தில் இலாபக் கணக்கு இல்லை, ஆலையில் உண்டு. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் நிறுவிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற நூற்பாலைகள், மழையை எதிர்நோக்கும் கரிசல் வட்டாரத்திற்கு ஆலை வேலையைக் கொணர்ந்தன என்பதை எண்ணும்போது, பிறர் வீட்டு உலையில் அரிசி ஏற உதவும் இலாபத்தையும் கைங்கரியத்தின் கருவியாகக் கருத இடமுண்டு என்றே தோன்றுகிறது.