பாலத்தடியில் ஒரு பாடம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில், மாலையானால் ரியூசன் கொப்பிகளோடு பிள்ளைகள். கொட்டாஞ்சேனையிலும் இதே காட்சிதான். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து கை ஓய்கிறது. எல்லாம் விடை முதலே தயாராக இருக்கும் கேள்விகள்.

1969 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவ பீடம், பாடம் முதலில் கேள்வி பிறகு என்ற வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் ஒரு நோயாளியின் பிரச்சினை. அதை அவிழ்க்க எதைப் படிக்கவேண்டும் என்பதைச் சிறு குழுவாகக் கூடும் மாணவர்களே தேடவேண்டும். ஆசிரியர் விடை சொல்லமாட்டார். இன்னொரு கேள்வி கேட்பார். (எங்கள் பெற்றோருக்கு இது பிடிக்காது. காசு கட்டினால் நோட்ஸ் வரவேண்டாமா?)

அப்படியொரு பிரச்சினை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தை அலை கொண்டுவரும் மணல் அடைத்துக்கொள்ளும். வெட்டிவிடாவிட்டால் மழைத்தண்ணீர் பின்னால் ஏறும். எவ்வளவு மணல்? எத்தனை மணிநேர மழைக்குத் தாங்கும்? முதலில் எந்த ஒழுங்கை நனையும்? ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணிதம், புவியியல், விஞ்ஞானம் மூன்றும் அந்தக் கால்வாய்ப் பாலத்தடியில் கிடக்கின்றன. ரியூசனுக்கு நேரமாகிவிட்டதென்று அந்தப் பாலத்தைத்தான் ஓடிக் கடக்கிறார்கள்.